ஆட்டுத்தோலும் ஆயன் கோலும்

போலிப் போதகர் என்றதும் நம் விரல் வேலிக்கு வெளியேதான் நீள்கிறது. பந்தலிட்டுக் குணமளிப்பதாய்க் கூவுகிறவர், உலக முடிவுக்கு நாள் குறிக்கிறவர், காணிக்கைக்கு ஈடாகச் செல்வத்தை வாக்களிக்கிறவர் என்று ஒரு பட்டியலை நாம் எப்போதும் கையில் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் பிழை இல்லை. ஆனால் குறை உண்டு. போலி இறைவாக்கினர் ஆட்டுத்தோல் போர்த்தி வருவர் என இயேசு எச்சரித்தார் (மத் 7:15). வேலிக்கு வெளியே நின்று ஊளையிடும் ஓநாய்க்கு ஆட்டுத்தோல் எதற்கு? பட்டிக்குள் நுழைந்துவிட்ட ஓநாய்க்கன்றோ அது தேவைப்படுகிறது?

தொடக்கத் திருச்சபை இதை நன்கு உணர்ந்திருந்தது. பன்னிரு திருத்தூதரின் போதனை எனப்படும் 'திதாக்கே' மிகப் பழைய நூல். அதன் கையெழுத்துப் படி 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராய் வரும் போதகர்களை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு அது தரும் அளவுகோல்கள் நம்மை வியக்கவைக்கின்றன. ஓரிரு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படுகையில் வழிக்கு அப்பம் பெறலாம்; பணம் கேட்டால் போலி. ஆவியின் ஏவுதல் என்று சொல்லித் தமக்காகப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்கக் கூடாது. வறியோர்க்காகக் கேட்டால் அவரைக் குறைகூறக் கூடாது. உண்மையைப் போதித்தும் அதன்படி நடவாதவரும் போலியே. உண்மையான இறைவாக்கினர் ஊரில் தங்க விரும்பினால், அவர் தம் உணவுக்கு உரியவர் என்பதையும் அந்நூல் மறக்கவில்லை. இந்த அளவுகோல்கள் போதகரின் நாவைக் காட்டிலும் அவருடைய பையையும் பந்தியையும் வாழ்வையுமே நோக்குகின்றன.

நம் வள்ளுவரும் 'கூடாவொழுக்கம்' என்னும் அதிகாரம் முழுவதையும் பொய்த் துறவிகளுக்கே ஒதுக்கினார். அம்பு நேரானது, ஆனால் கொல்லும். யாழ் வளைந்தது, ஆனால் இனிமை தரும். எனவே மனிதரையும் செயலைக் கொண்டே அறிய வேண்டும் என்பது அவர் துணிபு. கனியைக் கொண்டு மரத்தை அறியச் சொன்ன ஆண்டவரின் போதனைக்கு இதைவிட நெருங்கிய தமிழ் உண்டோ?

உகாண்டா நாட்டுக் கனுங்குவை எண்ணிப் பார்ப்போம். அங்கே பத்துக் கட்டளைகளை மீட்பதாகச் சொல்லி எழுந்த இயக்கம், கத்தோலிக்கர் நடுவிலேயே வேர்விட்டது. அன்னை மரியாவின் காட்சிகளைப் பெற்றதாகச் சொன்னோர் அதை நடத்தினர். குருக்களாய் இருந்தோரும் அவர்களோடு நின்றனர். உறுப்பினர் தம் உடைமைகளை விற்று இயக்கத்திடம் கொடுத்தனர். பேசுவதுகூடக் கட்டுப்படுத்தப்பட்டது, சைகையால் உரையாடினர். 1999 முடிவில் வருமென்ற உலக முடிவு வரவில்லை. 2000 மார்ச் 17 அன்று, அடைக்கப்பட்ட கோவிலுக்குள் எரிந்த தீயில் பல நூறு பேர் மாண்டனர். செபமாலை ஏந்திய கைகள் அவை. அவர்களைப் பேதையர் என்று நகைக்க நமக்கு உரிமை இல்லை.

கோட்பாட்டுப் பிழை சிறிதும் காணப்படாத இடத்திலும் ஓநாய் வாழும். மெக்சிகோவைச் சேர்ந்த அருள்பணி மார்சியல் மாசியல் 1941இல் 'கிறிஸ்துவின் படைவீரர்' சபையை நிறுவினார். இறையழைத்தல்கள் பெருகின, நன்கொடைகள் குவிந்தன, உரோமையில் அவருக்கு மதிப்பு இருந்தது. தம் இளமையில் அவரால் சிதைக்கப்பட்டோர் 1997இல் வெளிப்படையாய்ப் பேசியபோது, அவர்களைப் பொய்யர் என்றவர் நம்மவரே. 2006இல்தான் அவர் பொதுப்பணியினின்று விலக்கப்பட்டார். சிறார் அறுபது பேரையேனும் அவர் சீரழித்தார் என்பதை அச்சபையே 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. மேலாளரைக் குறைகூறுவதில்லை என்ற தனி வாக்குறுதியும் அச்சபையில் இருந்தது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அதை நீக்கினார். கனுங்குவின் சைகை மொழிக்கும் இந்த வாக்குறுதிக்கும் தொலைவு அதிகம் இல்லை. இரண்டும் வாயை அடைக்கும் பூட்டுகள்.

"கடவுளின் அருள்பொழிவு பெற்றவரைத் தொடாதே" என்பர் சிலர். சவுலைக் கொல்ல மறுத்த தாவீது, அவர் செய்த அநீதியை அவர் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கத் தவறவில்லை. அந்தத் தாவீதும் அருள்பொழிவு பெற்றவர்தாம். நாத்தான் அவர்முன் நின்று குற்றம் சாட்டினார். அரசர் அவரைச் சிறையிடவில்லை, மனம் வருந்தினார். பேதுருவைப் பவுல் அந்தியோக்கியாவில் நேருக்கு நேர் எதிர்த்தார். அந்தப் பவுல் போதித்ததையும் பெரோயா மக்கள் நாள்தோறும் மறைநூலோடு ஒப்பிட்டு ஆய்ந்தனர். திருத்தூதர் பணி நூல் அவர்களைப் பாராட்டுகிறது. கேள்வியைத் தாங்குவது மெய்யான ஆயனின் அடையாளம். கேட்பவரை நம்பிக்கையற்றவர் என்று பழிப்பவரிடம் நாம் விழிப்பாய் இருக்க வேண்டும்.

குறைகூறிக் களிப்பதற்காக இதை எழுதவில்லை. உண்மையான பணியாளருக்குக் கேள்வி ஓர் அரண். பொய்ப்பழியினின்று அவரைக் காப்பதும் அதுவே. எனவே காணிக்கைக்குக் கணக்குக் கேட்போம். சிறுவர் அழுதுகொண்டே சொல்வதை முதலில் கேட்போம். குணம்பெற்றதாய்ச் சாட்சி சொல்வோரை எண்ணுகிற நாம், மருந்தை நிறுத்தச் சொல்லப்பட்டவர் வீடுகளுக்கும் சென்று பார்ப்போம். பங்குப் பேரவையில் எழும் கேள்வியை அவமதிப்பாய்க் கொள்ளாதிருப்போம். போலிகள் வளர்வது அவர்தம் திறமையால் மட்டுமன்று, நம் மௌனத்தாலும்தான். மந்தையைக் காக்கும் பொறுப்பு ஆயர்களுக்கு மட்டுமே உரியதென்று திருமுழுக்குப் பெற்ற எவரும் தட்டிக்கழிக்க இயலாது.