ஃபார்மேட் பண்ணிடலாம் அங்கிள்

டொராண்டோவில் ராத்திரி பதினொன்றரைக்கு இந்தியாவிலிருந்து போன் வந்தால் மனசு எங்கெங்கேயோ போகும். வெளியூரில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எடுக்கறதுக்குள்ளேயே டிக்கெட் விலையெல்லாம் யோசித்து முடித்திருப்போம்.

2025 ஆகஸ்ட்டில் ஒரு நாள் அப்படி வந்தது. அப்பாவுக்கு என் பயம் தெரியும். அதனால் முதல் வாக்கியமே, "நான் நல்லாத்தான் இருக்கேன்டா. கம்ப்யூட்டர்தான் உள்ளே விடமாட்டேங்குது."

அப்பா இருப்பது தில்லியில், புசா ரோடை ஒட்டின ஒரு சந்தில், இரண்டாவது மாடியில். புசா இன்ஸ்டிட்யூட்டில் லேபில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஊருக்கே திரும்பிப் போயிடலாம் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு அங்கேயே இருப்பவர். நான் அதே ரோட்டில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு இன்னும் தூரமாக ஓடி வந்தவன்.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் ஏதோ அப்டேட் ஓடியிருக்கிறது. காலையில் பாஸ்வேர்ட் போட்டால் திரை ஒரு நொடி கறுப்பாகிறது, மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிற இடத்துக்கே வந்து நிற்கிறது. பத்து தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். கரோல் பாக்கில் ஒரு கடைப் பையனை வரச்சொல்லிக் காட்டியும் ஆயிற்று. அவன் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் கர்னா படேகா அங்கிள்" என்றானாம். "டேட்டா?" "டேட்டா தோ ஜாயேகா." பதினோரு மணிக்கு வந்து பெட்டியை எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அப்போது அங்கே மணி ஒன்பது.

அந்த டேட்டா என்ன என்று அப்பா அவனிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா போவதற்கு முந்தின வருஷம், என் மனைவி கேட்டாள் என்பதற்காக ஒரு சின்ன ரெக்கார்டரில் சமையல் குறிப்பு பேசிப் பேசி வைத்தாள். வத்தக்குழம்பு, மோர்க்களி, பருப்புருண்டைக் குழம்பு என்று நாற்பது சொச்சம் ஃபைல். பாதியில் குக்கர் விசில் அடிக்கும். "இருங்க, அணைச்சுட்டு வரேன்" என்று போவாள். அந்த ரெக்கார்டர் எப்போதோ தொலைந்துவிட்டது. இருந்த ஒரே பிரதி அந்தப் பெட்டியில். இத்தனை வருஷம் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டுகிற நான் அதற்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம். நானே திட்டிக்கொண்டாயிற்று.

இந்த "ஃபார்மேட்" என்கிற வார்த்தையைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம். அந்தப் பையன் மேல் இல்லை. அவனுக்கு ஒரு நாளைக்கு இருபது பெட்டி. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து காரணம் தேடினால் கட்டுப்படியாகாது. ஃபார்மேட் என்றால் எந்த நோய்க்கும் அதே ஒரு மணி நேரம், அதே கூலி. என் கோபம் நம் மேல். டாக்டர் "காலை எடுத்துடலாம்" என்றால் நாலு பேரிடம் ஒபீனியன் கேட்கிறோம். கடைக்காரர் "எல்லாத்தையும் அழிச்சுடலாம்" என்றால் தலையாட்டி அனுப்பிவிடுகிறோம்.

உலகம் பூராவும் பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு கம்பெனி அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. கணக்கு மைக்ரோசாஃப்ட் சொன்னது. நம் ஊர் ஏர்போர்ட்டுகளில் கையால் எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். அந்தத் தப்பான ஃபைல் வெளியே இருந்தது மொத்தம் 78 நிமிஷம். வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் அந்த ஒரே ஒரு ஃபைலை அழிக்கிறது. கஷ்டம் எல்லாம் ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருந்ததில்தான். ஃபார்மேட் பண்ணாமலேயே அத்தனையும் திரும்ப வந்திருக்கக் கூடியவை.

லாகின் திரை என்பது வீட்டு வாசல் கதவு மாதிரி. பூட்டு மக்கர் பண்ணினால் வீட்டை இடிக்க வேண்டாம், கொல்லைப்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. லினக்ஸில் அது கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருகிற கறுப்புத் திரை. படமும் இல்லை, மவுஸும் இல்லை, எழுத்து மட்டும். வாசலில் நிற்கிற காவலாளி மயங்கி விழுந்திருந்தாலும் பெரும்பாலும் இந்தக் கதவு திறக்கும்.

லினக்ஸா, எழுபத்தெட்டு வயசு மனிதருக்கா என்று கேட்பீர்கள். என் தங்கையும் அதைத்தான் கேட்டாள். அப்பாவின் பெட்டி பழசு. விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அதனால் 2024 டிசம்பர் லீவில் போனபோது லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, பெருமையாக விமானம் ஏறினேன். நம்மில் நிறைய பேர் செய்கிற காரியம் இது. இரண்டு வார லீவில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, மாற்றினது என்ன என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்காமல் வந்துவிடுவோம்.

சரி, அன்றைக்கு நடந்ததுக்கு வருகிறேன். முதலில் அப்பாவிடம் கேட்டது, "பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுதா, ஒண்ணுமே சொல்லாம திரும்ப வருதா?" இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். தப்பு என்று சொன்னால் கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக் இருக்கலாம். தமிழ் தட்டச்சு வைத்திருக்கிறவர்களுக்கு லாகின் திரையிலும் தமிழ் விசைப்பலகையே தேர்வாகி நிற்கலாம். ஆங்கில பாஸ்வேர்டை எத்தனை தடவை அடித்தாலும் உள்ளே போவது க, ச, ட தான். எனக்கே ஒரு முறை ஆகியிருக்கிறது, அரை நாள் போச்சு :-) லாகின் திரையே வராமல் வெறும் கறுப்பாக நின்றால் அநேகமாக கிராஃபிக்ஸ் டிரைவர். புது கெர்னல் வந்திருக்கும், என்விடியா மாட்யூல் அதற்குத் தகுந்தாற்போல் தயாராகியிருக்காது. பெட்டியை ஆன் பண்ணும்போது வருகிற மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். அந்தப் பழைய கெர்னலை அப்டேட் அழிக்காமல் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

அப்பாவுக்கு மூன்றாவது வகை. பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, உள்ளே போகப் பார்க்கிறது, முடியாமல் வெளியே வந்துவிடுகிறது. இதற்கு இரண்டு வழக்கமான காரணம். ஒன்று, அவருடைய ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்அதாரிட்டி என்று ஒரு மறைவான ஃபைல் உண்டு. அது எப்படியோ ரூட் பேருக்கு மாறியிருக்கும். இன்னொன்று, டிஸ்கில் இடமே இல்லை. உள்ளே நுழையும்போது அந்தச் சின்ன ஃபைலை எழுத வேண்டும், அதற்குக்கூட இடம் இல்லையென்றால் கதவு திறக்காது.

"அப்பா, நோட்டு எடுத்துக்குங்க." இதற்கு மட்டும் அவரை இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. லேப் பழக்கம். தேதி, நேரம், என்ன செய்தோம், என்ன ஆச்சு என்று கோடு போட்டு எழுதுவார். கறுப்புத் திரைக்குப் போக வைத்தேன். "பாஸ்வேர்ட் அடிச்சா ஒரு எழுத்தும் வரலையேடா" என்றார். வராது, அடித்து என்டர் தட்டுங்கள் என்றேன். உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உள்ளே போக முடிகிறது என்றால் அம்மா அங்கேதான் இருக்கிறாள்.

"டி ஃபார் டெல்லி, எஃப் ஃபார் ஃபாதர், ஒரு ஸ்பேஸ், மைனஸ், ஹெச் ஃபார் ஹைதராபாத்." டிஎஃப் மைனஸ் ஹெச். இடம் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கட்டளை. வரிவரியாகப் படித்தார். பின்னணியில் மெட்ரோ ரயில் போகிற சத்தம். 2005 டிசம்பர் கடைசியில் அந்த லைன் திறந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சு எல்லாமே இந்தத் தாளத்தோடுதான். "ஒரு இடத்துல நூறு பர்சென்ட்னு இருக்குடா."

நிறைத்தது யார்? நான்தான். மின்ட்டோடு டைம்ஷிஃப்ட் என்று ஒன்று வரும். சிஸ்டத்தை அவ்வப்போது அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்டேட் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அப்பாவின் பாதுகாப்புக்காக என்று தினமும் ஒன்று, வாரம் ஒன்று, மாசம் ஒன்று என்று தாராளமாக வைத்துவிட்டு வந்திருந்தேன். எல்லாம் அதே 120 ஜிபி டிஸ்கில். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாறின ஃபைல்கள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அப்டேட் பாதியில் இடமில்லாமல் நின்றுவிட்டது. இதைவிடக் கேவலம் ஒன்று சொல்லவா? டைம்ஷிஃப்ட் சாதாரணமாக ஹோம் ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. அத்தனை ஜிபியைத் தின்று அது காப்பாற்றி வைத்திருந்தது, எங்கிருந்தும் இலவசமாகத் திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய சிஸ்டத்தை. அம்மாவின் குரல் அதில் ஒரு பிரதிகூட இல்லை.

பழைய படங்களை அழிக்கச் சொன்னேன். சூடோ டைம்ஷிஃப்ட் மைனஸ் மைனஸ் டெலிட் என்று அடித்தால் பட்டியல் போட்டு எது என்று கேட்கும். பழசிலிருந்து நாலு. ஒவ்வொன்றும் பல நிமிஷம். நடுவில் அவசரத்தில், "அந்த எக்ஸ்அதாரிட்டியையும் சேர்த்து அழிச்சுடலாம்பா" என்றேன். மறுத்துவிட்டார். "ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?" புசாவில் வயல் பாத்திகளைப் பார்த்து வளர்ந்த மூளை. நாற்பது வருஷ மென்பொருள் ஆட்கள் நிறைய பேருக்கு இது தெரியாது.

மறுபடி டிஎஃப். எழுபத்தாறு பர்சென்ட். பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்க டிபேக்கேஜ் கட்டளை ஒன்று, அதை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஐந்து நிமிஷம். ரீபூட். பத்தே முக்காலுக்கு உள்ளே போய்விட்டார். பதினோரு மணிக்கு வந்த பையனுக்கு டீ கொடுத்து, நோட்டைக் காட்டினாராம். அவன் அந்தப் பக்கத்தை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு போனான் என்று அப்பாவுக்கு ஏகப் பெருமை.

இதைக் கேட்டுவிட்டு தங்கை, "அப்டேட்டே வேணாம்னு நிறுத்திடு" என்றாள். ஒப்புக்கொள்ள மாட்டேன். 2017 மே மாசம் வான்னாக்ரை உலகத்தையே கட்டிப்போட்டபோது, அதற்கான மருந்து மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். அப்டேட் வேண்டும். நாம் விமானம் ஏறுகிற அன்றைக்கு வேண்டாம். யாரும் பார்க்காத ராத்திரியில் தானாக ஓட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் இருக்கும்போது அவர்களே பட்டனை அழுத்தட்டும்.

ஐபேட் வாங்கிக் கொடுத்துத் தொலையேன் என்கிற நண்பர்களுக்கு: கொடுத்திருக்கிறேன். அதில் அவர் யூட்யூபில் கச்சேரி பார்க்கிறார். எழுதவும் கணக்குப் பார்க்கவும் அவருக்குப் பெட்டிதான் வேண்டும். வயசானவர்களுக்குப் புரியாது என்று நாம் தீர்மானித்துவிடுவதில் அக்கறையைவிட நம் சோம்பல்தான் அதிகம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தடுமாறினது, தூக்கக் கலக்கத்தில், நான்.

இப்போது டைம்ஷிஃப்ட் வாரத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. அம்மாவின் ஃபைல்கள் தில்லியில் ஒரு பென் டிரைவில், என்னிடம் ஒன்று, தங்கையிடம் ஒன்று. லீவுக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள், கடைசி நாளுக்கு வைத்தால் நடக்காது. கறுப்புத் திரைக்கு ஒரு தடவை அவர்களையே போய்வரச் சொல்லுங்கள், பயம் போகும். திரும்பிவர மின்ட்டில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 7.

போன மாசம் அப்பா வேறு எதற்கோ கூப்பிட்டார். பேச்சுவாக்கில், மறுபடி ஒரு நாள் உள்ளே விடவில்லை என்றார். எப்போது, ஏன் சொல்லவில்லை என்று பதறினேன்.

"உனக்கு அப்போ ராத்திரி ரெண்டு மணி. நோட்டுல பதினாலாம் பக்கம் பாத்துட்டேன். கேப்ஸ் லாக்."