ஓட்டையை அடைத்தால் போதுமா?

என் மகளுக்கு இரண்டு வயதில் இதய ஆபரேஷன் நடந்தது. பிறவியிலேயே ஓட்டை, கூடவே நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் சுருக்கம். அழுதால் உதடு நீலம் பாரித்துவிடும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலையவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் ஆதங்கமெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

போன மாதம் செக்கப்புக்குப் போனோம். விடியற்காலை பஸ் பிடித்துப் போயும், மதியம் இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, 'நல்லா இருக்கா, ஒரு வருஷம் கழிச்சு வாங்க' என்றார். எடைகூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் ஒரு பெண், படிவத்தை நீட்டி மார்க் போடச் சொன்னாள். கழிப்பறை சுத்தமா, ஊழியர்கள் மரியாதையாகப் பேசினார்களா, குடிதண்ணீர் இருந்ததா... இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால், குழந்தையை எப்படிப் பார்த்தார்கள் என்று ஒரு கேள்விகூட இல்லையே!

இவளுக்கு ஒட்டுப் போட்ட இடத்தில் இன்னும் லேசான கசிவு இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கலாம். இதை எனக்குச் சொன்னது எங்கள் ஊர் பல் டாக்டர்! சட்டைக் கழுத்தில் தெரிந்த தழும்பைப் பார்த்து அவர் கேட்டிராவிட்டால்?

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பையனுக்கும் இதே ஆபரேஷன்தான். 'நல்லா ஓடியாடித் திரிஞ்சான்க்கா, எதுக்கு பஸ் செலவுன்னு நாலு வருஷமா வரலை' என்றாள். இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். இந்த ஆபரேஷனுக்குப் பின் பல பிள்ளைகளுக்கு நுரையீரல் வால்வு கசிந்து, வருஷக்கணக்கில் இதயத்தின் வலது பக்கம் பெரிதாகிக்கொண்டே போகும், வெளியே தெரியாது என்று பிறகு ஒரு நர்ஸ் விளக்கினார். அதனால்தான் ஆயுள் முழுக்க செக்கப். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேஸ் சிலிண்டர் புக் செய்தால்கூட போனுக்கு மெசேஜ் வருகிறது. நாலு வருஷமாக வராத பிள்ளை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவள் நம்பர் ஃபைலிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் இதய மருத்துவர்கள் அமைப்பே, குழந்தைகளின் ஓ.பி. சிகிச்சையை அளக்கத் தனி அளவுகோல்கள் வகுத்திருக்கிறதாம். இங்கே அவ்வளவு வேண்டாம். ஆபரேஷன் செய்த நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், வராதவர்களில் எத்தனை பேருக்குப் போன் செய்தார்கள், எடையும் ஆக்சிஜன் அளவும் பார்த்தார்களா, பல்லைப் பற்றியும் விடாத காய்ச்சலைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னார்களா? இதைக் கணக்கெடுத்து ஓ.பி. வாசலில் போர்டு வைக்கட்டும்.

படிவத்தின் பின்பக்கத்தில் இதைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

– ஒரு வாசகி, விருதுநகர்