ஷூ லேஸும் ஒரு மெஷின் கன்

காலேஜில் என்.சி.சி.-யில் இருந்தபோது .22 ரைஃபிளால் ஐந்து ரவுண்டு சுட்டிருக்கிறேன். அதில் மூன்று பக்கத்துப் பையன் டார்கெட்டில் விழுந்து அவனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தன. துப்பாக்கிக்கும் எனக்கும் உறவு அத்தோடு சரி. ஆனால் துப்பாக்கிச் சட்டம், அதிலும் அமெரிக்கச் சட்டம் படிக்கப் பிடிக்கும். துப்பறியும் நாவல் தோற்றது. என்ன, இதில் நிஜமாகவே ஆட்கள் சாகிறார்கள்.

ஒரு சாம்பிள். அங்கே துப்பாக்கி விவகாரங்களைக் கவனிப்பது ஏ.டி.எஃப். என்கிற இலாகா. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிமருந்து நாலும் ஒரே ஆபீஸில். (நம் ஊராக இருந்தால் இந்த இலாகாவுக்கு அடிதடியே நடக்கும்.) 2004-ல் இவர்கள் எழுதிய ஒரு கடிதத்தில், இரண்டு முனையிலும் சுருக்குப் போட்ட 14 அங்குல ஷூ லேஸ் ஒரு மெஷின் கன் என்று தீர்மானித்தார்கள். சத்தியமாக. அதை ரைஃபிளில் ஒரு தினுசாக மாட்டினால் படபடவென்று சுட்டுத் தள்ளுகிறதாம். 2007-ல் இன்னொரு கடிதம்: கயிறு வெறும் கயிறுதான், மாட்டினால்தான் குற்றம். ஆக நடுவில் மூன்று வருஷம் அமெரிக்கர்கள் கிட்டத்தட்ட காலுக்கு ஒரு மெஷின் கன்னோடு ஆபீஸ் போய்வந்திருக்கிறார்கள்.

இத்தனை கூத்துக்கும் காரணம் 1934-ல் எழுதிய ஒரு வரி. ட்ரிக்கரின் ஒரே இயக்கத்தில், தானாகவே, ஒன்றுக்கு மேல் குண்டு பாய்ந்தால் அது மெஷின் கன். சாதா துப்பாக்கியை அப்படி மாற்றும் உதிரி பாகமும் மெஷின் கன்தான் என்று பின்னால் சேர்த்துக் கொண்டார்கள். 1986-க்கு அப்புறம் தயாரான மெஷின் கன்னைப் பொதுஜனம் வைத்திருந்தால் பத்து வருஷம் வரை உள்ளே.

இந்த வரிக்குள் நுழைந்ததுதான் 'பம்ப் ஸ்டாக்'. துப்பாக்கியைத் தோளில் முட்டுக் கொடுக்கிறோமே, அந்தக் கட்டைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் சமாசாரம். சுட்டதும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் இல்லையா? அந்த உதையில் துப்பாக்கி பின்னுக்குப் போகும், இன்னொரு கை அதை முன்னுக்குத் தள்ளும், இப்படியே ஆடும். விரல் சும்மா இருக்கும். ட்ரிக்கர்தான் வந்து வந்து விரலில் இடிக்கும். நிமிஷத்துக்கு 400-லிருந்து 800 குண்டு.

இப்போது சொல்லுங்கள், விரல் ட்ரிக்கரை அமுக்குகிறதா, ட்ரிக்கர் விரலை அமுக்குகிறதா? 2010-ல் ஏ.டி.எஃப். 'இது வெறும் உதிரி பாகம், எங்கள் சட்டத்தில் வராது' என்றது. கை சரியாக வராதவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று விண்ணப்பித்திருந்தார்கள்.

2017 அக்டோபர் 1. லாஸ் வேகாஸில் ஓட்டலின் 32-ஆவது மாடி ஜன்னலிலிருந்து ஒருவன், கீழே பாட்டுக் கச்சேரி கேட்டுக் கொண்டிருந்த கூட்டத்தைச் சுட்டான். பத்துப் பதினோரு நிமிஷத்தில் ஆயிரத்துக்கும் மேல் குண்டுகள். இறந்தவர்கள், பின்னால் காயத்தில் போனவர்களையும் சேர்த்து, 60 பேர். அவனுடைய பல துப்பாக்கிகளில் பம்ப் ஸ்டாக் இருந்தது.

நாடே கொதித்தது. 2018 டிசம்பரில் ட்ரம்ப் அரசு, 'பம்ப் ஸ்டாக் மெஷின் கன்தான்' என்று விதியை மாற்றியது. 2019 மார்ச்சுக்குள் உடைத்துப் போடு அல்லது ஒப்படை. சட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, அர்த்தம் மட்டும் மாறிவிட்டது. அதே இலாகாவின் கடிதத்தை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவன் ராத்திரியோடு ராத்திரியாகக் குற்றவாளி. டெக்ஸஸில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டை ஒப்படைத்துவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனார்.

என் பழைய ஆபீஸில் ஒரு சர்க்குலர் வந்தது: பத்து மணிக்குள் எல்லோரும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஹெட் கிளார்க் 9.55-க்குப் போட்டுவிட்டு கான்டீனுக்குப் போய் 11 மணிக்கு வருவார். கேட்டால், 'ஸார், சீட்டில் உட்கார வேண்டும்னு எங்கே போட்டிருக்கு?' மானேஜருக்கு முகம் சிவக்கும். பதில் வராது.

2024 ஜூன் 14-ல் சுப்ரீம் கோர்ட் 6-3 என்று கிட்டத்தட்ட அந்த ஹெட் கிளார்க் பக்கம்தான் சாய்ந்தது. நீதிபதி தாமஸ் ட்ரிக்கரின் உள் பாகங்களைப் படமே போட்டுக் காட்டி, ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிக்கர் தனித்தனியாக இயங்குகிறது, ஆகவே இது மெஷின் கன் இல்லை என்றார். வாத்து போல நடந்து, நீந்தி, கத்துவதை வாத்து என்றுதான் சொல்வேன் என்று மறுத்தவர் நீதிபதி ஸோட்டோமயோர். ட்ரம்ப் அரசு போட்ட தடையைக் காப்பாற்ற வாதாடியது பைடன் அரசு. தள்ளியவர்களில் ட்ரம்ப் நியமித்த மூன்று பேரும் உண்டு. தலை சுற்றினால் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

என்னைக் கேட்டால் வார்த்தைக் கணக்கில் தாமஸ் சொன்னது சரி. 60 பேரை நினைத்தால் வாய் வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் சரி. சர்க்குலரைத் திருத்தி எழுத வேண்டியது மானேஜர்; பியூன் இல்லை. நீதிபதி அலிட்டோவே அதே தீர்ப்பில், காங்கிரஸ் (அவர்களுடைய பார்லிமென்ட்) நினைத்தால் சட்டத்தைத் திருத்தலாமே என்று வழி காட்டினார்.

நாலே நாளில் செனட்டில் மசோதா வந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் வோட்டே இல்லாமல் நிறைவேறியிருக்கும். நூறு பேர் சபையில் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். முடிந்தது கதை.

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2019-லேயே தன் மாநிலத்துக்குத் தனிச் சட்டம் போட்டு பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்துவிட்டது. பக்கத்து அரிசோனாவில் அப்படி ஒன்றும் கிடையாது. தீர்ப்போடு தடை போய்விட்டது. எல்லையில் ஹூவர் அணை. லாஸ் வேகாஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.