பெட்டிக்குள் வந்த சிறுகதை

பாலு மகேந்திரா என்றதும் நேயர்களுக்கு 1982-இல் வந்த "மூன்றாம் பிறை"தான் ஞாபகத்துக்கு வரும். வரவேண்டிய படந்தான். ஆனால் 70 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே, கொல்லிமலைத் திருப்புலி நாட்டில் வசிக்கும் எங்களுக்குச் சினிமாக் கொட்டகை தூரம். டெலிவிஷன் பெட்டியோ கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்டியை இளப்பமாக எண்ணாத டைரக்டர் என்பதாலேயே அவர்மீது எனக்குத் தனி அபிமானம்.

1939-இல் இலங்கையில், மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். புனாவில் ஒளிப்பதிவு பயின்று, "நெல்லு" என்னும் மலையாளப் படத்துக்குக் காமிரா பிடித்தார். 1977-இல் கன்னடக் "கோகிலா"வின் மூலம் டைரக்டரானார். ஜன்னல் வழியே விழும் வெயிலே அவருக்குப் போதும். அரிதாரமும் ஆடம்பரமும் அவருக்கு ஆகா.

1988-இல் வெளிவந்த "வீடு" படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. சம்பளத்தை நம்பி வாழும் பெண்ணொருத்தி சிறு வீடு கட்ட முயல்கிறாள், காண்டிராக்டர் ஏய்க்கிறான். அரைகுறையாக நிற்கும் அவ்வீட்டைப் பாட்டனார் தள்ளாடிப் போய்ச் சுற்றிப் பார்க்கும் கட்டத்தில், கடன் வாங்கி வீடு கட்டிய எவருக்குத்தான் நெஞ்சு கனக்காது? சொக்கலிங்க பாகவதர் அங்கே நடித்தார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இத்தகையவர் 2000-ஐ ஒட்டி, சன் டெலிவிஷனில் "கதை நேரம்" நடத்த வந்தார். வேறு தொடர்களில் மாமியாரும் மருமகளும் மாதக் கணக்கில் அழுதுகொண்டிருக்க, இவர் சுஜாதா, மாலன் முதலியோரின் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்த நேரத்திலேயே கதையை முடித்து அனுப்பினார். எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் அவசரம் தெரிந்தது. ஆனாலும் பாடப் புத்தகத்தில் சிறுகதையைக் கண்டால் கொட்டாவி விடும் பிள்ளைகளோடு மல்லாடும் என் போன்ற உபாத்தியாயர்களுக்கு அது பெரிய உபகாரம்.

"இவ்வளவு பெரியவருக்கு இது எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. திரைக்குப் பின்னே நடந்ததை அவர்கள் அறியார். உதவியாளராய்ச் சேர வந்த வெற்றிமாறன் என்ற இளைஞரிடம் தமிழ்ச் சிறுகதைகளைக் கொடுத்து, படித்துச் சுருக்கம் எழுதி வரச் சொன்னார். கதையின் எலும்பைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அது. காமிராவைத் தொடுவது பிறகுதான்.

2014 பிப்ரவரி 13-இல் ஆசிரியர் மறைந்தார். அந்த மாணாக்கர் 2019-இல் "அசுரன்" எடுத்தார். அதற்கு ஆதாரமான பூமணியின் "வெக்கை" நாவல், "மூன்றாம் பிறை" வந்த அதே 1982-இல் அச்சாகி, 37 வருஷம் காத்திருந்தது.