சைக்கிள் ஆப்: சந்தா கட்டலாமா?

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான மொபைல் ஆப்களுக்குச் சந்தா கட்டலாமா என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து.

ஓட்டிய தூரம், நேரம், வேகம் ஆகியவற்றைப் பதிவு செய்ய ஸ்ட்ராவாவின் இலவசக் கணக்கே போதும். ரூட் போடும் வசதியை அந்நிறுவனம் 2020-ல் கட்டணப் பிரிவுக்கு மாற்றிவிட்டது. ஆனால் ஸ்ட்ராவா, கோமூட் இரண்டுமே ரூட் போடப் பயன்படுத்துவது, தன்னார்வலர்கள் 2004 முதல் உருவாக்கி வரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவல்களைத்தான். அதே தகவல்களை வைத்து, மேடு பள்ளங்களையும் கணக்கிட்டு, பிரவுட்டர் இலவசமாகவே ரூட் தருகிறது. உங்கள் தெரு அந்த மேப்பில் விடுபட்டிருந்தால், சந்தா கட்டுவதால் மட்டும் வந்துவிடாது. நீங்களே அதைச் சேர்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அடிக்கடி புதிய ஊர்களுக்கு ஓட்டிச் செல்பவர்கள், எல்லா வசதிகளும் ஒரே ஆப்பில் வேண்டும் என்பவர்கள் சந்தா கட்டலாம். தினமும் ஒரே சாலையில் செல்பவருக்கு அது வீண் செலவு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் பதிவுகளை ஜி.பி.எக்ஸ். பைலாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஆப்கள் கைமாறும்; கோமூட் 2025-ல் விற்கப்பட்டது. பைல்கள் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், பல ஆண்டு உழைப்பின் கணக்கு உங்களிடமே இருக்கும்.