தேரை மேல் ஏன் பழி?

கும்மிடிப்பூண்டியில் என் சித்தி பெண் குடியிருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் உத்தியோகம். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வரிசையாகக் கடந்து போய் இறங்கலாம். சென்ற சித்திரையில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் குளியலறையிலிருந்து ஒரே ஆர்ப்பாட்டம்! எட்டிப் பார்த்தால், தங்கையின் மாமியார் ஒரு கையில் துடைப்பமும் இன்னொரு கையில் உப்பு ஜாடியுமாக நிற்கிறார். எதிரே சுவரில், குழாய்க்கு ஒரு முழம் மேலே, சுண்ணாம்புக் கட்டி போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பெரிய கண்கள் மட்டும் இல்லாவிட்டால், பூச்சுக்காரர் வழித்து விட்டுப்போன சாந்து என்றே நினைத்திருப்பேன்.

"தேரைம்மா, தேரை! போன வாரந்தான் விரட்டினேன். மறுபடி வந்து ஒட்டிக்கிச்சு. இது இருக்கிற வீட்டிலே பிள்ளை எப்படித் தேறும்? நீயே பாரு, பத்து மாசத்துப் பிள்ளை மாதிரியா இருக்கான்? தேரை பாஞ்சிருக்குன்னு அன்னிக்கே சொன்னேன். யார் கேக்கிறாங்க?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் விலா எலும்புகளை எண்ணி விடலாம் போல் இருந்தது. வரும் அமாவாசைக்கு மந்திரிக்கப் போவதாக ஏற்பாடாம்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். மெழுகுத் தட்டில் தவளையைக் குப்புறக் கிடத்தி ஊசி குத்தி வைத்த பாவத்துக்கு, இந்த ஒரு தவளைக்காவது வக்காலத்து வாங்கலாம் என்று தோன்றியது. "கொஞ்சம் பொறுங்கள், அம்மா" என்று உப்பு ஜாடியை வாங்கி அலமாரியில் வைத்தேன். ஒரு டப்பாவைச் சுவரோடு கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்து, பிராணியைக் கொல்லைப்புறம் கொண்டு போனேன்.

முதலில் பெயர் விவகாரம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேரை என்றால் தரையில் தத்தும், மேலெல்லாம் மருவாய்க் கிடக்கும் பிராணி. அதற்குக் கண்ணுக்குப் பின்னால் விஷச் சுரப்பி உண்டு. வாயில் பல் கிடையாது. சுவர் ஏறவும் அதற்குத் தெரியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் சுவரைக் காட்டித் தேரை என்கிறார்களே, அது வேறு குடும்பம். மேல் தாடையில் சின்னஞ்சிறு பற்கள் உள்ள, மழமழப்பான தோல் போர்த்த மரத்தவளை அது. இருவரையும் ஒரே பெயரால் அழைத்து, ஒருவர் குற்றத்தை இன்னொருவர் தலையில் கட்டுவது நமக்குப் புதிதா, என்ன?

இந்தத் தவளைக்கு ஆங்கிலத்தில் 'சுனாம் தவளை' என்று ஒரு பெயர் உண்டு. சுனாம் வேறொன்றுமில்லை, நம்முடைய சுண்ணாம்புதான்! பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அதோடு முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, பளிங்கு போல் தேய்த்து மெருகேற்றுவார்கள். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு என்று அந்தக் காலத்தில் பெரிய கீர்த்தி அதற்கு. எறும்பும் வழுக்கும் அந்தச் சுவரில் இந்தத் தவளை சாவதானமாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

எப்படி ஏறுகிறது? விரல் நுனியைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு சின்னத் தட்டு. பசை ஏதோ தடவியிருக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. அந்தத் தட்டின் தோல் ஆறு மூலைக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. கட்டங்களுக்கு நடுவே நுண்ணிய வாய்க்கால்கள். வாய்க்கால்களில் மெல்லிய ஈரம். கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நம் பொறுமையைச் சோதிக்கின்றன அல்லவா? ஏறக்குறைய அதே தந்திரம். தட்டில் தூசி ஒட்டினாலும் கவலையில்லை. நாலு அடி எடுத்து வைத்தால் அந்த ஈரமே கழுவிவிடும்.

விரலின் உள்ளே இன்னொரு விசேஷம். கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஒரு குருத்தெலும்புத் துண்டு அதிகப்படியாக இருக்கிறது. அதனால்தான் விரலை எப்படி வளைத்தாலும் நுனித் தட்டு சுவரில் படிந்தே நிற்கிறது.

இந்த விரல்தான் விஞ்ஞானிகளையும் ஏமாற்றியது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்ட் கிரே என்பவர் 1830-இல் முதன்முதலாக இதற்கு சாஸ்திரப் பெயர் வைத்தார். மரத்தில் ஏறுகிறது, விரலில் தட்டு இருக்கிறது. ஆகவே ஐரோப்பாவிலுள்ள மரத்தவளையின் உறவுதான் என்று 'ஹைலா மாக்குலாட்டா' என்று எழுதிவிட்டார். 'மாக்குலாட்டா' என்றால் புள்ளியுடையது என்று அர்த்தம்.

உண்மையில் இரண்டுக்கும் நெருங்கிய உறவே இல்லை. ஹைலா வகையில் தோள் எலும்புகளின் இரு பாதிகள் மார்பில், புடவைக் கொசுவம் மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று படிந்து நகரும். நம் சுவர்த் தவளைக்கோ அவை நடுவில் இறுகச் சேர்ந்திருக்கின்றன, வயல் தவளையைப் போலவே. விரலின் கடைசி எலும்பு ஹைலாவுக்கு நகம் போல் கூர்மை. இதற்குக் கவண் கட்டை மாதிரி நுனி இரண்டாய்ப் பிளந்திருக்கும். ஆக, இது வயல் தவளையின் பங்காளி. மரம் ஏறும் வித்தையை மட்டும் தனியாகக் கற்றுக்கொண்டது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வசிக்கும் இந்தக் குடும்பத்துக்கு 'ராக்கோஃபோரிடே' என்று பெயர். நானூறுக்கு மேற்பட்ட இனங்கள் இதில் அடக்கம்.

ஹைலாவை விட்ட பிறகும் இதற்கு நிம்மதி வரவில்லை. 'ராக்கோஃபோரஸ்' என்ற இனப்பெயரில் வெகுகாலம் குடியிருந்தது. 1970-இல் லீம் என்ற ஆராய்ச்சியாளர் எலும்பு, தசை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'பாலிபெடேட்டஸ்' என்ற பழைய இனப்பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். இன்றைக்கு அதிகாரபூர்வமான பெயர் 'பாலிபெடேட்டஸ் மாக்குலாட்டஸ்'. வீடு மாறி வீடு மாறி அலைந்த நமக்கு இதன் கஷ்டம் புரியும்.

இதே குடும்பத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் அண்ணன் இருக்கிறார். பச்சைப்பசேல் என்ற உடம்பு. விரல்களுக்கு நடுவே செக்கச் சிவந்த சவ்வு. அதைக் குடை போல் விரித்துக்கொண்டு ஒன்பது, பன்னிரண்டு மீட்டர் தூரம்கூடக் காற்றில் மிதந்து இறங்குவார். அவருக்குப் பெயர் வைத்தவர் நம் சென்னை ராஜதானிப் படையில் வைத்தியராக இருந்த ஜெர்டன், வருஷம் 1870. நம் வீட்டுத் தவளைக்கு அந்தப் பகட்டெல்லாம் கிடையாது. கை விரல்களுக்கிடையே சவ்வு இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கால் விரல்களில் மட்டும் தாராளமாக இருக்கும்.

கொல்லையில் டப்பாவைத் திறந்து தங்கையைக் கூப்பிட்டேன். பெண் தவளை, ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண் இன்னும் சிறியது. குளியலறையில் வெள்ளையாக இருந்தது, இருட்டு டப்பாவில் இருந்த சற்று நேரத்தில் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்திருந்தது! ஆகவே முதுகு நிறத்தை நம்பி அடையாளம் சொல்லக் கூடாது. தொடையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். கரும்பழுப்பு நிற வலைப் பின்னலுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக வட்டப் புள்ளிகள். தாவும்போது மட்டும் பளிச்சென்று தெரியும், உட்கார்ந்தால் மறைந்துவிடும்.

"இவ்வளவு அழகாவா இருக்கு, அக்கா!" என்றாள் தங்கை.

"அழகு இருக்கட்டும், குளிக்கிற இடத்துக்கு ஏன் வருது?" என்று பின்னாலிருந்து குரல். மாமியாரும் வந்து நின்றிருந்தார்.

நியாயமான கேள்விதான். தவளைக்குத் தோலே குடம்; வாயால் அது நீர் குடிப்பதில்லை. தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். வெளியே குட்டை வற்றி, புல்லும் கருகிப் போகும் கோடையில், ஈரமான இடம் நம் குளியலறையும் தொட்டியடியும்தானே? கூடவே விளக்குக்கு வரும் பூச்சி ஆகாரம். அதோடு இது ஒரு காரியம் செய்கிறது. 1997-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் கண்டது. தோலில் சுரக்கும் கொழுப்பு கலந்த வழவழப்பைக் கைகால்களால் எடுத்து உடம்பெங்கும் வழித்துத் தடவிக்கொள்கிறது, சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் மாதிரி! பிறகு கைகால்களை மடக்கி, கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்துவிடும். தோலிலிருந்து ஈரம் ஆவியாவது அதனால் வெகுவாகக் குறைகிறது. இத்தனை பாடுபட்டு ஈரத்தைக் காப்பாற்றுகிற உடம்பில் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும்? ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளுமே, அதே கதிதான். பினாயிலும் அப்படியே.

"தேங்காயிலே தேரை விழுறது பொய்யா அப்போ?" அம்மாள் விடவில்லை.

ஓட்டுக்குள் பருப்பில்லாத தேங்காயை நானும் உடைத்துப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டாலோ, மரத்துக்குப் பொட்டாஷ், போரான் போன்ற சத்துக்கள் குறைந்தாலோ காய் அப்படி ஆகிவிடுகிறது. மரத்துக்கு உரம் வைக்காத குற்றத்தை, மட்டைச் சந்தில் பகல் தூக்கம் போட்ட தவளை ஏற்றுக்கொள்கிறது.

குழந்தை விஷயமும் இதேதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை மாமியார் எதிரில் பட்டென்று சொல்லித் தங்கைக்குச் சங்கடம் உண்டாக்க மனமில்லை. தவளை விஷயத்தில் பேசலாம். பேரன் விஷயத்தில் பேச நான் யார்? "மந்திரிப்பது அமாவாசைக்குத்தானே, அதற்குள் நாளை ஒரு நடை குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாமா, அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "காட்டு. காட்டினா என்ன குறைஞ்சா போயிடும்?" என்றார்.

மறுநாள் டாக்டர் எடை போட்டார், ரத்தம் பார்த்தார். சோகை. என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தாய்ப்பாலும், நீர் கலந்த பசும்பாலும், என்றைக்காவது ஒரு பிஸ்கட்டும். ஆறு மாதம் முடிந்ததுமே தாய்ப்பாலோடு குழைந்த பருப்பு சாதம், நெய், மசித்த காய், கீரை, சாப்பிடுகிற வீடானால் முட்டை எல்லாம் பழக்கியிருக்க வேண்டும் என்றார். இரும்புச் சத்து மருந்தும் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்குச் செரிக்காது என்று பயந்து பயந்து, இருவருமே அவன் வயிற்றைக் காயப் போட்டிருக்கிறார்கள். தங்கை ரயிலடி வரை வந்து வழியனுப்பியபோது அழுதாள். "எல்லாரும் என் பாலைத்தான் குறை சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன், அக்கா. அதுக்குத் தேரை பரவாயில்லைன்னு பேசாம இருந்துட்டேன்."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் அவளிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையாக ஒரு கைப்பிடி நுரை. "சோப்பு நுரை காயாமல் இருக்கிறது, என்ன இது?" என்று கேட்டிருந்தாள். அது கூடு! பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, மோர் கடைவது போலப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, அதற்குள் சில நூறு முட்டைகளை வைத்துவிடும். மேல் நுரை காய்ந்து ஆடை கட்டிக்கொள்ளும்; உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். சில நாட்களில் குஞ்சுகள் நெளிந்து, நுரை இளகி, சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். போன வாரம் தங்கை பேசினாள். பையன் பிடித்துக்கொண்டு நடக்கிறானாம். இரண்டு கிலோ ஏறியிருக்கிறானாம். மாமியார் தொட்டியை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வேலைக்காரம்மாளும் தங்கையும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் குழாயடியில் துவைக்கிறார்கள்.

"உன் தேரையாலே எங்களுக்கு இடுப்பு ஒடியுது, அக்கா. எத்தனை நாளைக்கு இது?" என்றாள்.

மார்கழி வரைக்கும் ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.