உமா ஓயாவுக்காக வழக்காட யார் இருக்கிறார்கள்?



2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதியின் வருகையோடு உமா ஓயாத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவோட் மின்சாரம், தெற்கே வறண்ட நிலத்துக்குப் பாசனம் என்று மேடையில் பெருமையாகச் சொன்னார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், வெல்லவாயப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீரும் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அதற்காக ஊவா மலையும் உமா ஓயா ஆறும் பட்ட பாட்டை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல நம் சட்டத்தில் ஓர் ஆள் இல்லை. இதை எதிர்த்தே எழுதுகிறேன்.

வெலிமடைப் பக்கம் புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, மகாவலியில் சேர வேண்டிய நீரை 15 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட சுரங்கத்தால் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பினார்கள். 2014 டிசம்பரில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மீண்டும் அதே கசிவு. அந்த ஜூன் மாதம் பண்டாரவளை நகரில் ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு இறங்கினார்கள். அதன்பின் நட்டஈடு பற்றிப் பேச்சு எழுந்தது. வெடித்த சுவருக்கு விலை போடலாம். மலை வயிற்றில் ஊறிக் கிடந்த நீர் வடிந்து போனதே, அதற்கு எவர் விலை போட்டார்? வழக்காளி இல்லாத இழப்புக்கு நட்டஈடும் இல்லை.

ஹல்துமுல்லையில் இருந்துகொண்டு இதை அடுத்த ஊர்ச் சங்கதி என்று என்னால் விட முடியாது. எங்கள் மலையின் ஒரு பக்க ஓடைகள் வெலி ஓயாவாகி வளவை கங்கைக்குப் போகின்றன. மறுபக்கத்தவை கிரிந்தி ஓயாவுக்கு இறங்குகின்றன. நான் தோட்ட லயத்தில் வளர்ந்தவன். ஆடி மாதத்து வறட்டுக் காற்றிலும் கைமொத்தத்துக்கு விழுந்த எங்கள் பீலித் தண்ணீர், இன்று நூல் போல ஒழுகுகிறது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் இருட்டும்வரை குடத்தோடு காத்து நிற்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதும் இதே பிரதேசத்தில்தான். மலைக்குள் தண்ணீரின் வழி எது என்று பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பிணங்களைத் தோண்டி எடுத்து அறிந்தவர்கள்.

இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது நமது இலங்கை அரசியலமைப்பின் 28ஆவது உறுப்புரை. அந்தக் கடமையை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று அடுத்த உறுப்புரையே கதவைச் சாத்திவிடுகிறது. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகள் காகிதத்தில் பிறந்தவை. அவை சட்டத்தின் முன் ஆட்கள், வழக்குப் போடலாம். நம் பாட்டன் பூட்டன் இந்த மலையேறி வருவதற்கு முன்பே ஓடிய ஆற்றுக்கு அந்தத் தகுதி இல்லை.

மற்ற நாடுகள் இந்தக் கதவைத் திறந்திருக்கின்றன. 2008இல் ஈக்குவடோர் தன் அரசியலமைப்பிலேயே இயற்கைக்கு உரிமை தந்தது. 2017இல் நியூசிலாந்து வங்கனூயி ஆற்றைச் சட்டபூர்வமான ஆளாக ஏற்று, அதன் சார்பில் பேச இருவரை வைத்தது: ஒருவரை மாவோரி மக்கள் நியமிப்பார்கள், மற்றவரை அரசு நியமிக்கும். 2019இல் பங்களாதேஷ் மேல் நீதிமன்றம் துராக் ஆற்று வழக்கில் நாட்டின் எல்லா ஆறுகளுக்கும் அந்தத் தகுதியை அளித்தது. 2022இல் சென்னை மேல் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இயற்கை அன்னையை உரிமையுள்ள உயிராக அறிவித்தது.

வெள்ளம் வந்தால் ஆற்றின் மீது வழக்குப் போடுவதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை எழுப்பித்தான் கங்கை, யமுனைக்கு உரிமை தந்த உத்தரகாண்ட் தீர்ப்புக்கு 2017இல் இந்திய உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். பாதுகாவலரின் கடமையும் எல்லையும் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. நமக்கும் இது அந்நியமான சிந்தனை அல்ல. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொஸ்பேற் வழக்கில், நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசு காவலனே என்று நமது உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவலன் தவறினால் ஆற்றுக்காகக் கேட்பது யார் என்பதுதான் இன்னும் எழுதப்படவில்லை.

ஊவா மாகாணத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அதை எழுதவைக்க வேண்டும். உமா ஓயா, கிரிந்தி ஓயா, வளவை ஆகியவற்றைச் சட்டத்தின் முன் ஆட்களாக ஏற்றுப் பாதுகாவலர் சபை அமைக்க வேண்டும். அந்தச் சபையில் கிராமத்து விவசாயிக்கு ஓர் இடமும், பீலித் தண்ணீர் குடிக்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஓர் இடமும் கட்டாயம் இருக்க வேண்டும். அடுத்த சுரங்கத்துக்கு அளவுக்கல் நடுவதற்கு முன் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
ஹல்துமுல்லை.